நாலாவது ஜானி

இல்லீங்க ஐயா, ஆமா, இல்லன்னு ஒத்த வார்த்தையில முடியற சமாச்சாரம் இல்ல இது. வரிசையாத்தான் சொல்லுவேன். முப்பத்தாறு வருசமா மேடை ஏறிகினு கீறேன், எந்த மேடையிலயும் வரிசை தப்பிப் பேசினவன் இல்ல நானு.

நீங்க கேட்டது நல்லா காதுல வுழுந்துச்சு. இந்தப் பாய்ப்படகு கிளப்போட ஆள் புத்தகத்துல நாலாவது வரியில நிலைபேறன்னு ஒரு பேரு கீது, அவன் யாரு, அதானே. அந்தம்மா உங்க சர்க்காரு ஆபீசுல மனு குடுத்துகீறாங்க, எங்க வூட்டுக்காரரு பொங்கலப்போ இந்தக் கிளப்பு படகுலேர்ந்து வுழுந்து செத்துட்டாருன்னு. கிளப்புக்காரங்க இன்னா சொல்றாங்க, அந்தப் பேர்ல எங்ககிட்ட ஆளே இல்ல, அன்னிக்குப் படகுல போன நாலு பேரும் உசிரோட கீறாங்கன்னு. காத்தால நாலாவது ஆளையும் உங்க முன்னாடி நிறுத்திக் காமிச்சாங்க. கையெழுத்தும் போட்டான். நானும் பார்த்துகினுதான் நின்னேன். புத்தகத்த எழுதறவன் நான், அதனால என்னக் கூப்ட்டீங்க. சரி, எழுதிக்குங்க.

பேரு கணேசமூர்த்தி. வயசு அம்பத்தி நாலு. வேலை, படகுக்குத் தார் பூசறது. அடியில தண்ணி ஏறக்கூடாது பாருங்க, அதுக்கு. படகாளுங்க சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். ஜெயிலா? மூணு தபா போயிகீறேன். முப்பத்தெட்டுல ஆறு மாசம், அப்ப பதினெட்டு வயசு. அம்பத்திரெண்டுல பதினஞ்சு நாளு, ஸ்டேஷன் போர்டுல இந்திப் பேரு மேல தார் பூசினதுக்கு. அது இந்தக் கிளப்பு தாருதான். நல்ல சீமைத் தாரு, ரெண்டு மழைக்குத் தாங்கிச்சு. அப்பால அறுபத்தஞ்சு. படிப்பு பள்ளிக்கூடத்துல அஞ்சாவது, மிச்சமெல்லாம் அரையணா பிரசுரம். ஒண்ணு வுடாம படிச்சவன்.

ஆமாங்க, கணேசமூர்த்தி தமிழ்ப் பேரு இல்லதான். அத்த அப்பால சொல்றேன். வரிசைக்கு வருவோம், இந்தக் கிளப்புல நடந்த கொடுமைங்க ஒண்ணொண்ணா.

முதல் கொடுமை, நாப்பத்தஞ்சு. நான் வேலைக்குச் சேர்ந்த வருசம். வெள்ளைக்காரன் கிளப்பு. படகாளுங்க எட்டு பேரு, எட்டு பேருக்கும் ஒரே பேரு, ஜானி. ஜானி ஒண்ணு, ஜானி ரெண்டு, அப்படியே எட்டு வரைக்கும். ஜானி மூணுக்கு நெஞ்சுல சளி கட்டி, இருமி இருமியே செத்துப் போனான். மறுநாளு வேற ஒருத்தன் வந்து ஜானி மூணு ஆனான். வெள்ளைக்காரனுக்கு ஆள் மாறினதே தெரியல. மூணு மாசம் கழிச்சு அவன் தோள்ல தட்டி, ஜானி, உன் இருமல் நல்லாயிடுச்சு போலகீதேன்னு கேட்டான். பாசமாத்தான் கேட்டான், அத்தயும் எழுதிக்குங்க.

ரெண்டாவது, நாப்பத்தொம்போது. வெள்ளைக்காரன் போயிட்டான், ஜானி போவல. கம்பெனி ஆபீசருங்க, மில்லுக்காரங்க, வக்கீலுங்க எல்லாம் உறுப்பினர் ஆனாங்க. ஒரு மயிலாப்பூர் வக்கீலு, வூட்ல எங்காத்துல வந்துண்டு போயிண்டுன்னு பேசறவரு, படகுல கால் வெச்ச அன்னிக்கே கம் ஹியர் ஜானின்னாரு. அந்த ஜானி யாருன்னா, தோ வெளிய நிக்கிறானே வேம்பு, அவனோட அப்பா. வக்கீலு வூட்டுக்குப் பின்தெருவுலயே பொறந்தவரு. ரெண்டு பேருக்கும் ஒரே குளம்.

மூணாவது, அம்பத்தாறு. கருவாடு. உறுப்பினருங்க உக்கார்ற வராந்தாவுக்குத் தெரியற எடத்துல ஆளுங்க சாப்புடக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்னாங்க. இங்கிலீஷ்ல. இவனுங்களுக்குப் படிக்கத் தெரியாது, நோட்டீஸுக்குக் கீழயே உக்காந்து சாப்ட்டானுங்க. நாலு பேருக்கு ஒரு வாரம் வேலை இல்லன்னாங்க.

நாலாவது, அறுபத்திரெண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் படம் புடிக்க வரான்னு ஆளுங்களுக்குச் சிவப்புத் தலப்பா, சிவப்பு இடுப்புத் துணி, ஜரிகை வேற. பாய்ப்படகு ஏறுற எவனும் தலப்பா கட்ட மாட்டான் ஐயா, காத்துல கண்ண மறைக்கும். புத்தகம் வந்துச்சு. படத்துக்குக் கீழ படகோட பேரு, மொதலாளி பேரு, மொதலாளியம்மா பேரு, மடியில இருந்த நாயோட பேரு, எல்லாம் கீது. நாய்க்கு ரூபர்ட்டுன்னு பேரு. பின்னாடி கயிறு புடிச்சிகினு நின்ன ஆறு பேருக்குப் பேரு இல்ல.

டீ வோணாங்க. நீங்க குடிங்க, ஆறிடும்.

அஞ்சாவது, அறுபத்தொம்போது. இது கொஞ்சம் நுணுக்கமானது. மாநிலத்துக்கே தமிழ்நாடுன்னு பேர் வெச்ச வருசம். நான் போய்ச் செயற்குழுல நின்னேன். நாட்டுக்கே பேர் வந்துடுச்சு, உங்க படகெல்லாம் இன்னும் சீமைப் பேர்ல மிதக்குதே, வெக்கமா இல்லன்னு கேட்டேன். வெக்கப்பட்டாங்க. அதுலயும் பொன்ராஜ்னு ஒருத்தரு, தியாகராய நகர்ல ஜவுளிக்கடை, தெக்கத்தி ஆளு, அவருதான் முதல்ல ஒத்துக்கினாரு. வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து வாங்கின படகு அவருது. முப்பத்திரெண்டு அடி. உள்ள மெத்தை, ஐஸ் பொட்டி, பித்தளை விளக்கு, தேக்குத் தரை, செருப்போட ஏறக் கூடாது. அதுக்கு அன்னம்னு பேர் வெச்சாரு. எழுதினவன் நானு. ஒரு அடி ஒசரத்துக்கு எழுத்து, வளைவு வளைவா. எழுதி முடிச்சு எட்ட நின்னு பார்த்தப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தாரு இல்ல, வெள்ளப் பெயிண்ட்டுதான்.

அப்ப பொன்ராஜ் படகுல ஏறி, ஜானி நாலு, அன்னத்த அவுத்து வுடுன்னாரு.

படகுக்குத் தமிழ்ப் பேரு. ஆளு ஜானி. அதான் அஞ்சாவது.

ஜானி நாலு யாரா? வருவான் ஐயா, வரிசையில வருவான்.

ஆறாவது, எழுபத்தொண்ணு, ஆனி மாசம். கோவிந்தசாமின்னு ஒரு ஆளு, ஜானி ஆறு. பாய் ஏத்துற உருளையில கை மாட்டி ரெண்டு வெரலு போச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன உறுப்பினரு சீட்டுல ஜானின்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனா, கோவிந்தசாமின்னு இங்க யாருக்கும் தையல் போடலன்னு திருப்பி அனுப்ச்சிட்டாங்க. கைய நீட்டிக் காமிக்கிறான், வெரல் இல்ல, தையல் கீது. புத்தகத்துல இல்லியேன்றாங்க. கடசில வேம்பு சவரக் கத்தியால பிரிச்சு வுட்டான்.

அப்பதான் போராட்டம். வேலைநிறுத்தம் இல்ல, அத்த அவங்க எதிர்பார்ப்பாங்க. நான் வேற மாதிரி யோசிச்சேன். எல்லாரும் வேலைக்கு வருவோம், எல்லா வேலையும் செய்வோம், ஜானின்னு கூப்ட்டா மட்டும் திரும்ப மாட்டோம். அவ்ளோதான். பத்தொம்போது நாளு. ஆத்தோரம் பூரா ஜானி ஜானின்னு ஒரே சத்தம், எட்டு பேரும் அவங்கவங்க வேலையப் பார்த்துகினு கீறானுங்க. பத்தொம்பதாவது நாளு பொன்ராஜ் ஆளுங்க இல்லாம விருந்தாளிங்களோட போயி நடு ஆத்துல மண்ணுல மாட்டிக்கினாரு. ஜானின்னு ஒரு மணி நேரம் கத்தினாரு. தொண்டை கட்டிப் போச்சு. அப்ப விருந்தாளியில ஒரு பொம்பளை, எட்டு பேரோட பேரும் போட்ட சங்கத்து நோட்டீஸ ஐஸ் பொட்டிக்கு அடியில வெச்சிருந்தாங்களாம், அத்த எடுத்து எழுத்துக் கூட்டி, வேம்புன்னு கூப்ட்டுது. கரையில நின்ன வேம்பு உடனே தண்ணில எறங்கிப் போய்ட்டான். பேர் சொன்னா வராம இன்னா.

அன்னிக்கு சாயந்தரமே ஒத்துக்கினாங்க. ஆள் புத்தகம் வந்துச்சு. விதிய எழுதினவன் நானு. படகு அவுக்கறதுக்கு முன்னாடி துறையில நின்னு, ஏறுற ஒவ்வொருத்தன் பேரையும் சத்தம் போட்டுப் படிக்கணும். அவன் உள்ளேன்னு சொல்லணும். கரையில நிக்கிற ரெண்டு பேரு அத்தக் கேக்கணும். படகு திரும்பி வரலன்னா யார் யார் போனாங்கன்னு அந்த ரெண்டு பேர் சொல்லுவாங்க. இந்த ஊர்ல எந்தக் கிளப்புலயும் இந்த மாதிரி விதி கெடையாது. எங்கிட்ட ஜெயில் சான்று ஒண்ணு கீது, இந்தப் புத்தகம் ஒண்ணு கீது. என் வாழ்க்கைக்கு இது ரெண்டுதான் அத்தாட்சி.

எட்டாவது கொடுமை, இந்த வருசம் காணும் பொங்கல்.

ஏழா? எட்டுன்னா சொன்னேன்? சரி, எட்டே இருக்கட்டும். ஏழு எங்கயும் போவாது. நீங்க எண்ணிகினு வரீங்கன்னு தெரியாது எனக்கு.

காணும் பொங்கலுக்கு ஊரே புளிசாதத்தக் கட்டிகினு கடக்கரைக்கு வரும் இல்ல. அந்தக் கூட்டத்தக் கடல்லேர்ந்து பார்க்கணும்னு பொன்ராஜோட விருந்தாளிங்களுக்கு ஆசை. ஆறு பேரு. மழைக்கப்பால முகத்துவாரம் தொறந்துதான் இருந்துச்சு, ஆத்துலேர்ந்து நேரா கடலுக்குப் போலாம். காலையில பத்து மணிக்கு நான் துறையில நின்னு படிச்சேன். வேம்பு, அவன்தான் படகுக்குத் தலைமை. வெற்றிக்காவலன். ஆநிரைக்கோன். நிலைபேறன். நாலாவது பேர மட்டும் மூணு தபா படிக்க வேண்டியதாச்சு. அப்பால உள்ளேன்னான். போனாங்க.

வேம்பு சொல்லிகீறான், ரெண்டு மணிக்குள்ள திரும்பிடணும், தண்ணி எறங்கிச்சுன்னா முகத்துவாரத்துல மண்ணு தட்டும்னு. மொதலாளி சாப்ட்டுட்டுப் போலாம்னாரு. சாப்ட்டப்புறம் ஐஸ் மிச்சம் கீதுன்னாரு. திரும்பி வரப்போ மணி நாலு. விருந்தாளி ஒருத்தருக்கு ரயிலு. பாயை எறக்கிட்டு மெதுவா போலாம்னு வேம்பு கேட்டான், எறக்காதன்னுட்டாரு. நாலாவது ஆளு முன்னாடி மூக்குல நின்னு மூங்கில வுட்டு ஆழம் பார்த்துகினு வந்தான். படகு மண்ணுல இடிச்சு நின்னுச்சு, அவன் நிக்கல. அங்க சுழி. வேம்பு குதிச்சான். ரெண்டு தபா அவன் சட்டை கையில தட்டுச்சாம். மூணாவது தபா தட்டல. ஊரூர் குப்பத்துக்காரங்க மூணு நாளு வலை போட்டாங்க. ஒண்ணும் வரல.

பொன்ராஜ் கிளப்புக்கு லெட்டர் எழுதினாரு. படகுக்குச் சேதம் இல்ல, கூலியாள் ஒருத்தன் சொல்லாம தண்ணியில எறங்கிக் கரைப்பக்கமா நடந்து போயிட்டான்னு. விருந்தாளிங்க ஆறு பேரும் அப்படித்தான் பார்த்தாங்களாம். நடந்துதான் போனானாம். அத்த வேம்பு உங்களுக்குத் தனியா சொல்லுவான், கூடக் கொறைய சொல்ல மாட்டான், கேட்டு எழுதிக்குங்க. பொன்ராஜ நான் வுட்ற மாட்டேன். எட்டாவது கொடுமை அவரு பேர்லதான்.

அன்னிக்கு சாயந்தரம் கொட்டாயில சங்கத்துக் கூட்டம் போட்டேன். எல்லாரும் ஈரத் துணியோட நிக்கிறானுங்க. வேம்பு சொன்னான், இப்பவே போயி அவன் வூட்ல சொல்லுவோம், போலீசுலயும் சொல்லுவோம்னு. நான் பொறுன்னேன். ரெண்டு வாரம் குடு, வழி பண்றேன்னேன். சங்கத்துக் கட்டுப்பாடுன்னேன். அந்த வார்த்தைக்கு அவனுங்க கட்டுப்படுவானுங்க. நான் கத்துக்குடுத்த வார்த்தை.

ரெண்டு வாரம் பதினோரு மாசம் ஆச்சு.

மூணாவது நாளு அந்தம்மா வந்துச்சு. ஜைதூன் பீ. திருவல்லிக்கேணியில பெரிய மசூதிக்குப் பின்னாடி வூடு. ரெண்டு பொண்ணுங்க. வாசல்ல நின்னு, எங்க வூட்டுக்காரரு இங்க படகுல வேலை செய்யறாரு, அப்துல் கய்யூம், மூணு நாளா வூட்டுக்கு வரலன்னு கேட்டுது. கிளார்க்கு நல்ல மனுசன்தான், புத்தகத்த எடுத்து வெரல வெச்சு ஒவ்வொரு வரியா பார்த்தாரு. பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா, வேற கிளப்பா இருக்கும்னாரு. பத்தடி தள்ளி ஒரு படகக் கவுத்துப் போட்டு அதுக்கடியில நான் தார் பூசிகினு இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சு. அந்தம்மா இன்னொரு தபா பேர நிறுத்தி நிறுத்திச் சொல்லிச்சு. நான் பூசிகினே இருந்தேன். அந்தப் படகுக்கு அன்னிக்கு ரெண்டு கை தாரு ஆயிடுச்சு.

மொத்தம் ஏழு தபா வந்துச்சு. இல்ல, பணம் கேக்கல. மனுவுல பாருங்க, பணத்தப் பத்தி ஒரு எழுத்து இல்ல. புருசன் செத்தா நாலு மாசம் பத்து நாளு இத்தா உக்காரணுமாம் அவங்களுக்கு. வெளிய வரக் கூடாது. செத்தான்னு யாராவது சொன்னாத்தானே உக்கார்றது. உக்காந்தா உசிரோட இருக்கறவனுக்கு உக்காந்த மாதிரி. உக்காரலன்னா செத்தவன மதிக்காத மாதிரி. தெருவுல வேற கதை, பெங்களூர்ல ஒருத்திய வெச்சிகினு ஓடிட்டான்னு. ஓடிப்போனவன் பொண்ணுன்னு பெரியவளுக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போச்சு. நாப்பது வருசம் தெரு மண்ணப் பார்த்து நடந்தவன் கய்யூம். இன்னொரு பொம்பளைகிட்ட பேசினா அவனுக்குத் திக்கும்.

ஆமாங்க, தெரியும். ஒம்போது வருசமாத் தெரியும். கேட்டுக்கினே வாங்க.

போன மாசம், மனு விசாரணைக்கு வரப் போவுதுன்னு தெரிஞ்சதும், பொன்ராஜ் படகுக்கு ஒரு புது ஆளு சேர்த்தாங்க. காசிமேட்டுக்காரன், வயசு நாப்பது, மூணு புள்ளைங்க. பேர் எழுதப் புத்தகத்தத் தொறந்தேன். மாணிக்கவாசகம்னான். கிளார்க்கு வந்து, புது வரி வோணாம் கணேசமூர்த்தி, நாலாவது வரி சும்மாத்தானே கீது, அவன் பேர இன்னும் அடிக்கல, இவன அதுலயே வெச்சுக்கோன்னாரு. மேலேர்ந்து சொல்லி அனுப்ச்சிருக்காங்க. நான் துறையில நின்னு படிச்சேன். நிலைபேறன்னேன். அந்த மாணிக்கவாசகம், பாவம், வேலைக்கு வந்தவன், உள்ளேன்னான்.

அவன்தான் காத்தால உங்ககிட்ட கையெழுத்துப் போட்டவன்.

ஜானி மூணு செத்தா மறுநாளு இன்னொரு ஜானி மூணு. இருமல் நல்லாயிடுச்சா ஜானி. முதல் கொடுமைன்னு எழுதினீங்களே, அதுல இன்னா எழுதினீங்க, ஒரு தபா படிங்க. ஆங். அதான். அது என் வாயாலயே திரும்ப வந்துச்சு. அத்தக் கேட்டு மூணு வாரம் ஆவுது. வேம்பு எங்கிட்ட பேச்ச நிறுத்தி பத்து மாசம் ஆவுது. அந்தம்மாவ மனு குடுக்கச் சொன்னதே அவன்தான்னு நெனைக்கிறேன். நான் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிடுவான்.

சரி, ஏழு.

ஏழாவது கொடுமை, எழுபத்தொண்ணு, ஐப்பசி. புத்தகம் வந்த மாசம். பேர் எழுதணும். நான் சொன்னேன், இவ்ளோ போராடி பேர் வாங்கினோம், அந்தப் பேரு நம்ம பேரா இருக்கணும், வடமொழியும் வோணாம், சீமையும் வோணாம், அரபியும் வோணாம்னு. எங்கிட்ட ஒரு பிரசுரம் இருந்துச்சு, பேருங்கள தூய தமிழ்ல எப்படி மாத்தறதுன்னு. ஜெயபால வெற்றிக்காவலன் ஆக்கினேன். வெரல் போன கோவிந்தசாமி ஆநிரைக்கோன் ஆனான். வேம்புக்கு வேலை இல்ல, அவன் ஏற்கெனவே வேம்பு. வெற்றிக்காவலான்னு கூப்ட்டா ஒரு மாசம் வரைக்கும் எவனும் திரும்பல. அது போராட்டம் இல்ல, மெய்யாலுமே தன்னத்தான் கூப்புடறாங்கன்னு தெரியல அவனுக்கு.

ஜானி நாலு வந்தான். உன் பேருக்கு இன்னா அர்த்தம்னு கேட்டேன். அப்துல்னா அடிமை அண்ணே, கய்யூம்னா என்னிக்கும் நிலைச்சிருக்கறவன், ஆண்டவன்னான். நான் சிரிச்சேன். மனுசனுக்கு அடிமைன்னு ஒரு பேரா, யாரும் யாருக்கும் அடிமை இல்ல, அடிமைய வெட்டு, மிச்சத்த தமிழ்ல போடுன்னு சொல்லி, நிலைபேறன்னு எழுதினேன். அவன் மொகம் மாறிடுச்சு. அண்ணே, அடிமைய வெட்டிட்டா மிச்சம் கீறது ஆண்டவன் பேரு, அத்த மனுசனுக்கு வெக்கக் கூடாது, எனக்கு அது ஆவாது, என் பேர அப்படியே வுட்ருன்னான். வேற எவனும் எங்கிட்ட வோணாம்னு சொன்னதில்ல. அவன் சொன்னான். நான் அரையணா பிரசுரம் ஒண்ணக் குடுத்து, படிச்சிட்டு வந்து பேசுன்னேன். அவன் அத்த மடிச்சித் தொப்பிக்குள்ள வெச்சிகினான். அப்பால சொன்னான், நீ எங்களுக்காக ஜெயிலுக்குப் போன ஆளு, உன் பேச்சத் தட்டல. ஜானிக்கு இது தேவலாம். ஆனா தண்ணி மேல மட்டும்தான் அண்ணே அந்தப் பேரு. கரைக்கு வந்தா நான் நானாத்தான் இருப்பேன்.

கரைக்கு வரல.

அன்னிக்குக் காலையில மூணு தபா படிச்சேன்னு சொன்னேன் இல்ல. மூணாவது தபாதான் கயித்த வுட்டுட்டு நிமிர்ந்தான். சிரிச்சிகினே, என் பேரச் சொல்லியிருந்தா ஒரே தபால வந்திருப்பேன்ல அண்ணேன்னான். அப்பால உள்ளேன்னான். எங்கிட்ட அவன் கடசியா பேசினது அது.

ஏன் பதினோரு மாசம் வாயத் தொறக்கலன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்றேன். புத்தகத்துல ஒரு பேரு பொய்யின்னு நான் சொன்னா, புத்தகமே பொய்யின்னு அவங்க சொல்லுவாங்க. எட்டு பேரும் மறுபடியும் ஜானி. அதான் காரணம்னு நான் எனக்குச் சொல்லிக்கினேன். பாதி நிசம். மீதி, அந்தப் பேர எழுதினது நான்னு சொல்ல வாய் வரல.

இப்ப மூணாவது தபா கேக்கறீங்க, என் பேர மட்டும் ஏன் மாத்திக்கலன்னு. முப்பத்தெட்டுல ஜெயில் ரிக்கார்டுல கணேசமூர்த்தின்னு எழுதிகீது. என்னிக்காவது ஒரு நாளு சர்க்காரு கேக்கும், மொழிக்காக உள்ள போனவங்க யார் யாருன்னு. அன்னிக்குப் பேரு ஒத்துப் போவலன்னா நான் போவாதவனா ஆயிடுவேன். ஆறு மாசம் கல்லு சோறு தின்னது வேற எவனோ ஆயிடுவான். அந்தப் பயத்துல மாத்திக்கல. பேருக்கும் காகிதத்துக்கும் இன்னா சம்பந்தம்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அடுத்தவனுக்கு எழுதும்போது தோணல.

இல்ல, அத்த அடிங்க. தெரிஞ்சிருந்துச்சு. அப்படியே எழுதிக்குங்க, எழுதும்போதும் தெரிஞ்சிருந்துச்சு. ஏழாவது கொடுமை பண்ணது கணேசமூர்த்தி. கீழ கையெழுத்துப் போடறேன். இதே பேர்லதான்.

சங்கத்துலேர்ந்து எழுதிக் குடுத்துட்டேன், விலகிக்கறேன்னு. புத்தகத்த அவங்க கிழிச்சாலும் கிழிப்பாங்க. கிழிச்சா மறுபடியும் பத்தொம்போது நாளு ஆவும், வேம்பு பார்த்துக்குவான். அவன் என்ன மாதிரி பேச மாட்டான், அதனால நல்லாவே பார்த்துக்குவான்.

ஒண்ணே ஒண்ணு ஐயா. எழுதினா மட்டும் செல்லாது. விதி அப்படி. துறையில நின்னு சத்தம் போட்டுப் படிக்கணும், கரையில ரெண்டு பேர் கேக்கணும். அன்னிக்கு நான் படிச்சது தப்பு, அதனால இப்பத் திருப்பிப் படிக்கணும். நீங்களும் வாங்க, பத்தடிதான், தூறல் நின்னுடுச்சு. பேனாவ எடுத்துக்குங்க. அந்தப் புத்தகத்தக் குடுங்க, பொங்கல் பக்கம், ஆங், இதான்.

வேம்பு, இப்படி வா. பேச வோணாம், நில்லு போதும். நீயும் வாம்மா, ஜைதூன் பீ. பயப்படாத, யாரும் உன்னப் போன்னு சொல்ல மாட்டாங்க, ஐயா கீறாரு. வேம்பு பக்கத்துல நில்லு. தண்ணியப் பார்க்க வோணாம், என்னப் பாரு. நீங்க ரெண்டு பேருதான் கரை. நான் படிக்கிறத மட்டும் காதுல வாங்கிக்குங்க, நாளைக்கு யாராவது கேட்டா சொல்லணும்.

பதினாறு, ஒண்ணு, எழுபத்தி நாலு. படகு அன்னம். காலையில பத்து மணி. ஏறினவங்க நாலு பேரு.

வேம்பு.

ஜெயபால்.

கோவிந்தசாமி.

அப்துல் கய்யூம்.